ப்

மண்டபத்தில் ஏறிப் பாம்பனில் இறங்க
ராமேஸ்வரம் டிக்கெட் எடுப்பவன் நான்.
ரகரம் வழுக்கிக்கொண்டு வந்துவிடும்.
பகரம் வராது.
உதட்டில் ஒட்டிக்கொண்டு
மூச்சையெல்லாம் குடிக்கும்.
கூடுதலாய்ப் போகும் காசை ஒருநாள் கணக்குப் போட்டேன்.
அப்புறம் போடவில்லை.

பெயரும் பகரம்தான். பெலவேந்திரன்.
யார் கேட்டாலும்
பக்கத்தில் நிற்பவர்கள் முடித்துவைப்பார்கள்,
தடுக்கி விழுந்தவனைத் தூக்குகிற அவசரத்தில்.

தடைக்காலம் அறுபத்தொரு நாள்.
விசைப்படகுகள் கரையேறிப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருக்க
எனக்கு ஐஸ் உடைக்கும் வேலையும் இல்லை.
ஏலக்கூடம் காலி.
சிமெண்ட் தரையில் காய்ந்த செதில்,
ஆணியில் யாரோ மறந்துபோன தராசுத் தட்டு,
ஆரோனின் ஒரு பக்கம் கிழிந்த ஸ்பீக்கர்,
கிரம்ப்.

முதல் பதினைந்து நாள் போனைப் பார்த்தே ஆடினோம்.
ஸ்டாம்ப். ஜாப். கைவீச்சு. செஸ்ட் பாப்.
எனக்கு எல்லாமே சீக்கிரம் வந்தது.
வீடியோ எடுத்தவள் ஜெசிந்தா,
நண்டுக் கம்பெனியிலிருந்து நேரே வருகிறவள்,
விரலெல்லாம் ஓடு கீறிய கோடு.
ஓட்டிக் காட்டிச் சொன்னாள்:
"அந்த அமெரிக்காக்காரன் நல்லா ஆடுறான்.
நீ எப்ப வருவ?"

அதன்பிறகு தனியாக.
ஒரே ஒரு ஸ்டாம்ப், நாலு நாள்.
முழங்கால் வீங்கியபிறகுதான் தெரிந்தது
அது தரையை மிதிப்பதல்ல என்று.
தரை கொடுப்பதை வாங்கி
இடுப்பில் வைத்துக்கொண்டு
எப்போது விடலாமென்று யோசிப்பது.
கைவீச்சு கையில் இல்லை, முதுகுப் பலகையில்.
வேகம் எல்லோருக்கும் வரும்.
அடி விழப்போகிற இடத்தில் விழாமல்
ஒரு தாளம் முழுக்க நிற்பதற்குத்தான்
ஆள் இல்லை.
இருட்டில் சிரித்துவிட்டேன்.
நின்று பழகியதில் என்னை மிஞ்ச யார்?

வல்லினம் பிறக்கும் இடம் மார்பு.
ஒன்பதாம் வகுப்பில் எழுதி ஒரு மார்க் வாங்கியிருக்கிறேன்.
அது உடம்பைப் பற்றிய சேதி என்று
அன்று தெரியாது.

ஐம்பத்தெட்டாம் நாள் வேதாளைப் பையன்கள் வந்தார்கள்.
நஸ்ருதீனுக்கு ஆறடி. கை ஒவ்வொன்றும் பாய்மரக் கம்பு.
அவன் ஆடி முடித்தபோது
கூரையில் புறா ஒன்றுகூட மிச்சமில்லை.
வேர்வையை வழித்துவிட்டு என்னைப் பார்த்து,
"நீ யாருப்பா?"

ஆரோன் வாயைத் திறந்தான்.
ஜெசிந்தா அதைப் பொத்தினாள்.

ப்

மாட்டிக்கொண்டது.
மாட்டிய இடத்தில் ஸ்பீக்கர் இடித்தது.
ப் - நெஞ்சுக்கூடு முன்னே.
ப் - தோள் இரண்டும் பின்னே.
முகம் கோணியது,
கண்ணாடியில்கூட நான் பார்க்காத அதே கோணல்.
வட்டம் அதற்கு அலறியது.
இன்னொன்று கேட்டு அலறியது.
தூக்கிய காலைத் தூக்கியபடி நின்றேன்.
என் அடுத்த எழுத்துக்காக
இருபது பேர் மூச்சைப் பிடித்திருந்தார்கள்.
யாரும் முடித்துவைக்கவில்லை.

ஸ்டாம்ப்.

ஆணியில் தராசுத் தட்டு
வெகுநேரம் ஆடிக்கொண்டிருந்தது.

ஜெயித்தது நஸ்ருதீன்தான்.
அவன் கை அப்படி.

கடைசி பஸ்.
"எங்க?"
ரகரம் நாக்கில் தயாராக இருந்தது.
விழுங்கினேன்.

ப்

பஸ் பாலத்தில் ஏறியது.

ப்

இருபுறமும் கறுப்புக் கடல்,
ஜன்னல் தகரத்தைக் காற்று தட்டுகிறது.
கண்டக்டர் மெஷின்மேல் விரலை வைத்தபடி நிற்கிறார்,
கோபமா பொறுமையா, வெளிச்சம் போதவில்லை.
குதிகால் தானாகத் தரையில் எண்ணத் தொடங்குகிறது.

பாலம் பாதிகூட ஆகவில்லை.
நேரம் இருக்கிறது.